முதலில் டப்பாவைத் திறங்கள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்க எத்தனையோ வழி இருக்கிறது. மார்க்கெட்டுக்கு நடந்து போகலாம். கூவிக்கொண்டு வரும் தள்ளுவண்டியை நிறுத்தலாம். ஹாப்காம்ஸ் காய்கறிக் கடையைத் தேடிப் போகலாம். சிவாஜி நகர் ரசல் மார்க்கெட்டுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பலாம். எதற்கும் நேரமில்லை என்றால் கைபேசியைத் தட்டினால் போதும், ரசத்துக்குப் புளி கரைப்பதற்குள் வாசலில் மணி அடிக்கும். இத்தனை வழி இருந்தும், சாயங்காலம் ஆறரை மணிக்கு வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ராத்திரிக்கு என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பலர் கடைக்குப் போகிறார்கள், அல்லது செயலியைத் திறக்கிறார்கள். அங்கேதான் பணமும் நேரமும் கரைகின்றன. சமையலறையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "அந்த அரைக் கிலோ கொண்டைக்கடலையை எப்போ தீர்க்கிறது?" வீட்டுச் சமையலைத் திட்டமிடுவது பற்றி எத்தனையோ அட்டவணைகள், செயலிகள், வீடியோக்கள் வந்துவிட்டன. அத்தனையிலும் உருப்படியான விஷயம் இது ஒன்றே என்பது என் கணிப்பு. திட்டம் டப்பாவில் தொடங்க வேண்டும். கடையில் தொடங்கினால் அது திட்டமே இல்லை.

டப்பாவைத் திறக்கும் முன் இந்தப் பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் சர்வக்ஞ நகர் என்று எழுதியிருந்தாலும் ஆட்டோக்காரரிடம் காக்ஸ் டவுன் என்றால்தான் வண்டி நகரும். 1809இல் உருவான பெங்களூர் கன்டோன்மென்ட்டின் வடகிழக்கு மூலை இது. கன்டோன்மென்ட்டின் கடைசி ஆங்கிலேய கலெக்டரான ஏ.ஆர். காக்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலான தெருக்களிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த ஃப்ரேசர் டவுன் வந்தது. அதையொட்டி இந்தப் பக்கமும் வளர்ந்தது. படையோடும் ரயிலோடும் வந்த தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே இருக்கின்றன. பள்ளியில் கன்னடம், வேலையில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் உருது. ஆனால் மளிகை லிஸ்ட் மட்டும் தமிழில்.

அந்த லிஸ்ட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒண்ணாம் தேதி நோட்டு

சம்பளம் வந்த வாரத்தில் வீட்டில் ஒருவர், பெரும்பாலும் அம்மா அல்லது பாட்டி, சமையலறைத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பார். துவரம்பருப்பு கால் டப்பா இருக்கிறது, ஆகவே மூணு கிலோ போதும். உளுந்து அடியில் தட்டுகிறது, ரெண்டு கிலோ எழுது. போன மாதம் வாங்கின வெல்லம் அப்படியே இருக்கிறது, வேண்டாம். பிள்ளைகளில் எழுத்து நன்றாக இருப்பவர் எழுதுவார். கடைக்காரர் ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பொட்டலம் கட்டுவார். கணக்கு நோட்டில் பற்று ஏறும்.

இதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அதற்குள் மூன்றடுக்கு ஏற்பாடு இருந்தது தெரியும். கெடாத சாமான் மாதத்துக்கு ஒரு தடவை. காய்கறி வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பால், கீரை, கறிவேப்பிலை அன்றன்றைக்கு. எது எவ்வளவு நாள் தாங்குமோ அதற்கேற்ப வாங்கும் இடைவெளி. இருப்பைப் பார்க்காமல் எதுவும் எழுதப்படவில்லை. கையில் வரும் பணத்தை ஒட்டியே லிஸ்ட் நீண்டது, சுருங்கியது. மேலாண்மைப் படிப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருப்பார்கள்.

குறையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. கடன் நோட்டில் விலையைத் தட்டிக் கேட்க முடியாது. இருபதாம் தேதிக்கு மேல் எண்ணெய் தீர்ந்தால் பக்கத்து வீட்டுக் கிண்ணம்தான் கதி.

இந்த லிஸ்ட்டை இந்தியாவில் முதலில் கணினிக்குள் கொண்டுபோனவர்களில் பெங்களூருக்காரர்கள் முக்கியமானவர்கள். கே. வைத்தீஸ்வரன், ஹரி மேனன் உள்ளிட்ட குழு 1999இல் இங்கே ஃபேப்மார்ட்டைத் தொடங்கி, பிறகு மளிகையையும் இணையத்தில் விற்றது. ஹரி மேனன் உள்ளிட்ட அதே குழுவினரில் சிலர் 2011இல் பிக்பாஸ்கெட்டை ஆரம்பித்தார்கள். 2021இல் டாடா குழுமம் அதன் பெரும்பங்கை வாங்கியது. தொடக்கத்தில் பிக்பாஸ்கெட், ஒண்ணாம் தேதி நோட்டின் கணினி வடிவம் என்றே சொல்லலாம்: உட்கார்ந்து லிஸ்ட் போட வேண்டும், நாளும் நேரமும் குறிக்க வேண்டும், மறுநாள் பெட்டிகளில் சாமான் வரும். மறந்தால் மறந்ததுதான். அந்தக் கட்டாயமே கொஞ்சம் யோசிக்க வைத்தது.

2020இல் ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் வந்தது. பிறகு செப்டோ, பிளிங்கிட் என்று வரிசை கட்டினார்கள். பத்து நிமிடத்தில் சாமான் என்ற பேச்சு கிளம்பியதும் லிஸ்ட்டுக்கு வேலை இல்லாமல் போனது. தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றால் எதற்கு எழுத வேண்டும்?

நோய்க்காரர் இருக்கும் வீட்டுக்கும், நடக்க முடியாத முதியவருக்கும், இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும் இந்தச் சேவை பெரிய உதவி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் முழுக் குடும்பத்தின் சமையலும் இதன் மேல் ஏறி உட்காரும்போது கணக்கு மாறுகிறது. ஒரு கட்டு கொத்தமல்லிக்கு டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், குறைந்த தொகை ஆர்டர் என்று இன்னொரு கட்டணம். அதைத் தவிர்க்க நினைத்தால் கூடையை நிரப்ப வேண்டும். நிரப்புவது எப்போதும் சிப்ஸாகவோ ஐஸ்கிரீமாகவோ இருக்கும், பருப்பாக இருக்காது. தேசிய அளவிலும் பணம் இந்தத் திசையில்தான் ஓடுகிறது. 2023-24ஆம் ஆண்டின் மத்திய அரசு வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்தில் ஒருவருடைய மாதச் செலவு சராசரி 6,996 ரூபாய். அதில் உணவுக்கு ஏறக்குறைய 40 சதவீதம். பானம், பலகாரம், பதப்படுத்திய உணவு இவற்றுக்கு மட்டும் மொத்தச் செலவில் 11 சதவீதம் போகிறது. அரிசி, கோதுமை வகையறாவுக்கு ஆகும் செலவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இது.

நான்கு பேருக்கு எவ்வளவு?

சரி, லிஸ்ட் போடலாம் என்று உட்கார்ந்தால் எவ்வளவு எழுதுவது? "எப்பவும் வாங்குற மாதிரி" என்பதுதான் வழக்கமான அளவு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு 85 கிராம், கீரை உட்பட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம்.

இதை நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 30 கிலோ. எண்ணெயும் நெய்யும் சேர்த்து மூன்றே கால் கிலோவுக்குள். பால் தினம் ஒன்றே கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. காய்கறி வாரத்துக்கு 11 கிலோ! பருப்பு, பயறு வகை மாதத்துக்கு 10 கிலோ!

கடைசி இரண்டு எண்களைப் பார்த்து யாரும் அதிரலாம். மாதத்துக்குப் பத்துக் கிலோ பருப்பு வாங்கும் வீடு எது? சாம்பாரில் நாம் போடும் துவரம்பருப்பு இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. முட்டையும் மீனும் கறியும் சாப்பிடும் வீடுகளில் பருப்பின் ஒரு பகுதியை அவை ஈடுகட்டும். சைவ வீடுகளில் சுண்டல், பச்சைப்பயறு, அடை, காராமணிக் குழம்பு என்று வாரத்தில் மூன்று வேளையாவது கூடுதலாக நுழைத்தால்தான் பக்கத்திலாவது வரும். ஆகவே லிஸ்ட்டில் முதலில் திருத்த வேண்டிய வரிகள் எவை என்று தெரிந்துவிட்டது: எண்ணெயைக் குறைத்து எழுதுங்கள், பயறைக் கூட்டி எழுதுங்கள்.

கர்நாடக அரசே இதே கணக்கைத் தாமதமாகப் போட்டுப் பார்த்தது. அன்ன பாக்யா என்ற ரேஷன் அரிசித் திட்டத்தில் தலைக்குப் பத்துக் கிலோ தருவதாக 2023இல் வாக்குக் கொடுத்தார்கள். கூடுதல் ஐந்து கிலோ அரிசி கிடைக்காததால் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் 170 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2025 தொடக்கத்தில் அரிசியாகவே வந்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 40 கிலோ தானியம். ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி தேவை 30. அரிசி மிஞ்சியது, பருப்பு டப்பா காலியாகவே இருந்தது. மிஞ்சின அரிசி வெளியே விற்கப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. கூடுதல் ஐந்து கிலோ அரிசிக்குப் பதிலாகத் துவரம்பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு அடங்கிய உணவுப் பையைத் தர 2025 அக்டோபரில் அமைச்சரவை முடிவெடுத்தது. காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி ரேஷன் கார்டுக்காரர் எவரைக் கேட்டிருந்தாலும் இதை முன்பே சொல்லியிருப்பார்.

மாத லிஸ்ட்டில் இன்னொரு விஷயம் விலை. பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கை எப்போதும் உண்மை இல்லை. இப்போது பொட்டலப் பொருள்களில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்; தேடிப் பாருங்கள். நந்தினி பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் பாக்கெட்டுக்கு 50 மில்லி கூட்டி, விலையில் 2 ரூபாய் ஏற்றினார்கள். 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது, பாக்கெட் பழைய அளவுக்கே திரும்பியது. பாக்கெட் விலையை மட்டும் பார்த்தவருக்குத் தன் செலவு எப்போது எவ்வளவு ஏறியது என்று தெரிந்திருக்காது.

அழுகும் வரிசையில் சமையல்

மாதச் சாமானில் தவறினால் அதிகபட்சம் வண்டு பிடிக்கும். வாரக் காய்கறியில் தவறினால் பணம் நேராகக் குப்பைக்குப் போகும். இங்கே பலர் செய்வது, திங்கள் வெண்டைக்காய், செவ்வாய் கத்திரிக்காய் என்று அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவது. பார்க்க அழகாக இருக்கும். புதன்கிழமை உடைந்துவிடும்.

அதைவிட எளிய வழி, வாங்கியதை அழுகும் வரிசையில் சமைப்பது. ஞாயிறு மார்க்கெட் போனால் திங்களுக்குள் கீரை தீர வேண்டும். அடுத்து வெண்டை, கத்திரி, காளான். வாரத்தின் நடுவில் பீன்ஸ், கோஸ், காலிஃபிளவர். வியாழனுக்கு மேல் கேரட், பீட்ரூட், நூல்கோல், முள்ளங்கி. கடைசி நாளுக்குப் பரங்கி, சேனை, உருளை. சௌசௌவும் நன்றாகத் தாங்கும். தமிழ்நாட்டில் பல இடங்களில் பெங்களூர் கத்திரிக்காய் என்று அழைக்கப்படும் காயை பெங்களூரில் இருந்துகொண்டு சீந்தாமல் விடுவது நியாயமில்லை. எந்த நாள் எந்தக் காய் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். எது முதலில் வாடும் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

கிழமைக்கு என்று ஏற்கெனவே இருக்கும் வழக்கங்களும் பாதித் திட்டத்தைப் போட்டுத் தந்துவிடுகின்றன. இந்தப் பகுதியில் மாதா கோயிலும் மசூதியும் மாரியம்மனும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் கவிச்சி இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போதே கறிக்கடை வரிசை நீண்டிருக்கும். தவக்காலம், ரமலான், புரட்டாசி என்று மாதங்கள் மாறும்போது வாங்குவதும் மாறும். ஏழு நாளில் இரண்டு மூன்று நாளுக்கு என்ன சமையல் என்பது வழக்கத்திலேயே முடிவாகிவிட்டது. மிச்சம் நாலைந்து நாள்தான் நம் பொறுப்பு.

பருவமும் ஒரு பெரிய உதவி. மார்கழி, தைக் குளிரில் அவரைக்காய் வண்டி வண்டியாக இறங்கும். மாகடிப் பக்கத்துச் சரக்கு என்று கூவி விற்பார்கள். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பது வட ஆற்காட்டுக் கையும் பெங்களூர்க் காயும் சேர்ந்த ருசி. அந்த இரண்டு மாதங்களில் லிஸ்ட்டில் வேறு பயறு எழுதவே தேவையில்லை. பிதுக்க ஆள் வேண்டும், அது ஒன்றுதான் சிக்கல். தொலைக்காட்சி பார்க்கிற கைகள் வீட்டில் சும்மாதானே இருக்கின்றன?

பருவம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலை காட்டியது. கோலார் சந்தையில் 15 கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. பெங்களூரில் கிலோ நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அந்த வாரங்களில் புளியையும் மாங்காயையும் எலுமிச்சையையும் வைத்துச் சமாளித்த வீடுகளுக்குப் பெரிய அடி விழவில்லை. எந்தக் குழம்புக்கும் தக்காளி வேண்டும் என்று பழகிய வீடுகள்தான் திண்டாடின. தக்காளி இல்லாத நான்கு குழம்பு கைவசம் இருப்பதும் திட்டமிடலில் சேர்த்திதான்.

மாவைப் பற்றிச் சொல்லாமல் ஒரு தமிழ் வீட்டு வாரத்தை முடிக்க முடியாது. ஞாயிறு அரைத்தால் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, புளித்ததும் பணியாரம், ஊத்தப்பம். ஒரே வேலையில் நாலு வேளை டிபன். டிசம்பர் ஜனவரி இரவுகளில் இந்த ஊரில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது மாவு பொங்காது. சென்னைக் கணக்கில் எட்டு மணி நேரம் என்று விட்டால் காலையில் கல் மாதிரி இட்லிதான். பகலிலேயே அரைத்து, விளக்கெரியும் ஓவனுக்குள்ளோ வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்திலோ வைக்க வேண்டும். அரைக்க நேரமில்லாதவர்களுக்காகவே ஒரு தொழில் இதே ஊரில் கிளம்பியது. பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் 2005இல் திப்பசந்திராவில் 50 சதுர அடி அறையில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் மாவு இன்று வெளிநாடுகளுக்கும் போகிறது. அரைத்த மாவு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கிய மாவை ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் மறந்துவிடுவதில்தான் வெட்கப்பட வேண்டும்.

மொத்தமாகச் சமைத்து வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஞாயிறன்று வேகவைத்த பருப்பு, அரைத்த இஞ்சி பூண்டு, துருவி ஃப்ரீசரில் வைத்த தேங்காய் இவை வாரநாள் வேலையைப் பாதியாக்கும், சந்தேகமில்லை. ஆனால் வெந்த சோறும் பருப்பும் அடுப்பு மேலேயே சாயங்காலம்வரை கிடக்கக் கூடாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களாகப் பிரித்து 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். சோற்றில் வளரும் சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

குப்பை வண்டியும் கணக்கு வைக்கிறது

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை, இந்தியாவில் வீடுகளில் வீணாகும் உணவு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்கிறது. உலகச் சராசரி 79. நாம் மேல் என்று பெருமைப்படலாம்; நாலு பேர் வீட்டுக்கு அது 220 கிலோ என்று பெருக்கிப் பார்த்துப் பயப்படவும் செய்யலாம். பெங்களூரின் குப்பை கொட்டப்பட்ட மாவள்ளிபுராவில் இருந்தவர்கள் 2012இல் எதிர்த்து நின்றார்கள்; அங்கிருந்த கிடங்கு மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் ஈரக் குப்பை, உலர் குப்பை என்று பிரித்துப் போடுவது கட்டாயமானது. அன்றிலிருந்து நம் வீட்டுத் திட்டம் சரியா என்று சொல்ல எந்தச் செயலியும் வேண்டாம். காலையில் ஈரக் குப்பை வாளியைத் தூக்கும்போது எடையே சொல்லிவிடும். காய்த் தோலும் காபித் தூளும் மட்டும் இருந்தால் சரி. முழு வெள்ளரிக்காய் கிடந்தால் அடுத்த வார லிஸ்ட்டில் வெள்ளரிக்காயை அடியுங்கள்.

நோட்டு யார் கையில்?

இத்தனையும் எழுதிவிட்டு, இதை யார் செய்வது என்று கேட்காமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். அதிலும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் அடுப்பும் துடைப்பமும்தான் வரும். உளுந்து தீரப்போகிறது, நாளைக்குச் சின்னவனுக்கு டிபன் பாக்ஸில் என்ன, மாமனாருக்கு உப்பு குறைக்க வேண்டும் என்று பஸ்ஸிலும் ஆபீசிலும் மனசுக்குள் ஓடும் வேலைக்கு நிமிடக் கணக்கு கிடையாது.

"லிஸ்ட் குடு, வாங்கிட்டு வரேன்" என்று சொல்லும் கணவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல மாற்றம்தான், போதாது. லிஸ்ட் போடுவதுதான் கஷ்டமான பாதி. பையைத் தூக்குவது சுலபமான பாதி. செயலிகள் வந்த பிறகு அந்தச் சுலபமான பாதியும் காணாமல் போய்விட்டது. கஷ்டமான பாதி மட்டும் அதே தலையில் மிச்சமிருக்கிறது.

அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி நோட்டையும் பேனாவையும் வீட்டில் இதுவரை லிஸ்ட் போடாத ஒருவரிடம் கொடுங்கள். கணவராக இருக்கலாம், கல்லூரிக்குப் போகும் மகனாக இருக்கலாம். டப்பாக்களை அவர்தான் திறந்து பார்க்க வேண்டும், அளவையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பெருங்காயம் மறந்துபோகும், கடுகு ரெண்டு கிலோ வந்து சேரும். குறுக்கே போய்த் திருத்தாதீர்கள். அந்த மாதம் பெருங்காயம் இல்லாமல் சாம்பார் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அவரே எழுதுவார்.